திரும்பி வரும் பஸ்

நன்றி சொல்ல வந்திருக்கும் புது எம்.பி.யின் திறந்த ஜீப் செந்துறை கடைத்தெருவில் நிற்கிறது. பட்டாசுப் புகை சாய்வெயிலில் மஞ்சளாகத் தொங்குகிறது. வெற்றிச்செல்வி அவருக்கு ஆரத்தி சுற்றிப் பொட்டு வைக்கிறாள். தட்டின் செந்நீர் தளும்பி அவள் மணிக்கட்டில் வழிகிறது. பக்கத்தில் நிற்கும் தங்கை அமுதவல்லி, நாலாக மடித்து வியர்வையில் நனைந்த மனுவை நீட்டுகிறாள். "அக்காவப் பாக்க மூணு பஸ் மாறி வரணுங்க. எங்க ஊர்லேருந்து இங்க நேரா ஒரு பஸ் வுடணுங்க." எம்.பி. மாலையை ஒதுக்கிக்கொண்டு படிக்கிறார். "பெரம்பலூர் பக்கமாம்மா? அங்க எம்.பி. வேற. செந்துறைதான் நம்ம சிதம்பரம் தொகுதி." காகிதம் திரும்பி வருகிறது. அமுதவல்லியின் முகம் வாடுகிறது. வெற்றிச்செல்வி தட்டைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, எம்.பி.யின் சட்டைப் பையிலிருந்த பேனாவைச் சட்டென்று உருவுகிறாள். ஜீப்பின் மூக்கில் காகிதத்தை விரித்து, தங்கை பேரை அடித்துத் தன் பேரை எழுதுகிறாள். ஊர்களையும் முன்பின்னாக மாற்றுகிறாள். "இப்ப செந்துறையிலேருந்து கெளம்புற பஸ்ஸுங்க. இது உங்க தொகுதிதான?" அவர் வாய்விட்டுச் சிரித்து மனுவைப் பையில் வைத்துக்கொள்கிறார். பேனாவைக் கேட்கவில்லை. ஜீப் நகர்கிறது. மனுவின் ஈரத்தில் கரைந்த மை வெற்றிச்செல்வியின் விரலில் நீலமாக இருக்கிறது. "திரும்பி வர்ற பஸ்ஸ நீ உங்க எம்.பி.கிட்ட கேளுடி" என்று பேனாவைத் தங்கையிடம் நீட்டுகிறாள். அமுதவல்லி ஆரத்தித் தண்ணீரைத் தெருவில் ஊற்றுகிறாள். "கேக்கவே மாட்டேன். நீ வந்தா எங்க வூட்லயே இருந்துடுக்கா."