வேறு யாருடைய பல்லோ

குகை மண்ணைச் சலித்தபோது ஒரு தாடை எலும்பும் ஒரு கடைவாய்ப் பல்லும் அடுத்தடுத்துக் கிடைத்தன. இரண்டும் மனிதர் பேசப் பழகாத காலத்தவை.

ஆராய்ச்சிக்காரி தமயந்தி பல்லைத் தாடையில் பொருத்திப் பார்த்தாள். உட்காரவில்லை. உட்காரக் குழியே இல்லை. பல்லெல்லாம் என்றோ விழுந்து எலும்பு மூடியிருந்தது.

“இது பொக்கை வாய். பல்லே இல்லாம ரொம்ப வருஷம் வாழ்ந்திருக்கு. இந்தப் பல்லு வேற யாரோடதோ” என்று சொல்லிவிட்டு, பல்லுக்குத் தனிப்பெட்டி எடுக்கப் போனாள்.

பல் குமைந்தது. “கேட்டியா? தேய்ஞ்சு மழுங்கினது போதாதுன்னு, இப்போ யாருக்கும் சொந்தமில்லாமலும் போயிட்டேன். என் வயசுக்கு நான் இவ்வளவு தேய்ஞ்சிருக்கவே கூடாது.”

“ரெண்டு வாய்க்கு மென்னா தேயாம என்ன செய்யும்?” என்றது தாடை. “கிழங்கையும் கறியையும் மென்னு மென்னு என் வாயில வச்சியே. அதுலதானே அத்தனை மழைக்காலமும் உயிரோட கிடந்தேன்.”

பல் திகைத்தது. “இதை நீ ஒருநாள்கூடச் சொல்லலையே!”

“எப்படிச் சொல்ல? நமக்குத்தான் அப்போ பேச்சே வரலையே. உன் தோள்ல சாஞ்சுக்கிட்டேன். அது ஒண்ணுதான் எனக்குச் செய்யத் தெரிஞ்சுது.”

தமயந்தி புதுப்பெட்டியோடு வந்து பல்லைக் கையில் எடுத்தாள்.

“அவ கிடக்கிறா,” என்றது தாடை அவசரமாக. “என் பல்லு நீதான்.”