இடது பக்கப் பலகை

கையும் ஈரத் துணியுமாகப் பிடிபட்டுவிட்டாள் துப்புரவு அக்கா.

காலை ஆறரை மணி. கம்பெனியின் ரோட்டோரச் சுவரில் அருகருகே பதித்திருந்த இரண்டு சிமென்ட் பலகைகளில் ஒன்றை, குளிப்பாட்டிய குழந்தையைத் துவட்டுவதுபோல் பதமாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பார்த்ததும் 'சிமென்ட் டாக்டர்' என்று எல்லோரும் கூப்பிடும் அந்தக் கம்பெனியின் இளம் விஞ்ஞானி பதறி ஓடிவந்தான்.

எட்டு மாத உழைப்பு. வலது பலகையில் இருப்பது அவன் கண்டுபிடித்த பூச்சு. அதில் கண்ணுக்குத் தெரியாத நானோ துகள்கள். வெயில் பட்டால் போதும், படிகிற வண்டிப் புகையையும் அழுக்கையும் அவை சிதைத்துவிடும். மிச்சத்தை மழை கழுவிவிடும். இடது பலகை, ஒப்பிட்டுப் பார்க்க வைத்த, பூச்சில்லாத வெறும் வெள்ளை சிமென்ட்.

முதல் மாதம் தெரிந்த வித்தியாசம் அப்புறம் காணாமல் போனது. எப்போது அளந்தாலும் இரண்டும் ஒரே வெள்ளை. சாதா சிமென்ட்டே இப்படிப் பளபளக்கும்போது உங்கள் பூச்சு எதற்கு என்று எம்.டி. நேற்றே கேட்டுவிட்டார். இன்று பத்து மணிக்கு ஆராய்ச்சிக்கு மூடுவிழா. பலகைகளைக் கழற்றத்தான் அவன் சீக்கிரம் வந்திருந்தான்.

"எத்தனை நாளா இது நடக்குது?"

அக்கா துணியைப் பின்னால் மறைத்தாள். ஏழு மாதமாக, பெருக்க வருகிற நாளெல்லாம் என்றாள்.

அவன் தலையில் கைவைத்து நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டான். என் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டீர்களே, யார் தொடச் சொன்னது என்று பொரிந்து தள்ளினான். அவள் தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள்.

"ரெண்டையும் தினமும் துடைச்சீங்களா?"

"இல்ல தம்பி, இது ஒண்ணை மட்டும்தான். அதை நான் தொட்டதே இல்ல. அதுல துடைக்க அழுக்கு ஏது?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். ஈரமாக இருந்தது இடது பலகை. ஏழு மாதமாகத் துணியே படாமல் பளிச்சென்று நின்றது வலது.

நடைபாதையில் அவன் குதித்த குதியில், பஸ்ஸுக்கு நின்றவர்கள் இரண்டடி தள்ளி நின்றார்கள்.

எம்.டி. லேசில் நம்பவில்லை. ஒரு மாதம் துணி படாமல் பார்ப்போம் என்றார். அந்த மாத முடிவில் இடது பலகை கரிபிடித்த சட்டியாகக் கறுத்திருந்தது. வலது, அன்றைக்குத்தான் பூசியதுபோல் இருந்தது. ஆராய்ச்சி பிழைத்தது. புதிதாகக் கட்டும் பஸ் நிலையத்துக்கே அந்தப் பூச்சுதான் என்று முடிவானது.

அன்று கேன்டீனில் எல்லோருக்கும் கேக். முதல் துண்டை சிமென்ட் டாக்டர் அக்காவுக்குத்தான் கொடுத்தான், ஒரு மன்னிப்போடு. பக்கத்தில் நின்ற எம்.டி., அந்த ஒன்றை மட்டும் துடைக்க ஏன் தோன்றியது என்று அவளைக் கேட்டார்.

அக்கா கூச்சத்தோடு சிரித்தாள்.

"முதல் மாசம் தம்பி தினமும் வந்து அந்தக் கறுத்த பலகை முன்னாடியே நின்னு உத்து உத்துப் பார்ப்பாருங்க. அவர் பூசினது அதுதான்னு நினைச்சுட்டேன். பாவம், ராப்பகலா உழைக்கிற பிள்ளை, தோத்துடக் கூடாதேன்னுதான்..."