கற்பனைக் கம்பெனி

“இவனுங்களையெல்லாம் சும்மா விடக் கூடாது! பிடிச்சு உள்ள தள்ளணும்!”

லிண்டன் ஹேவர்கேம்ப் மேசையைக் குத்திய வேகத்தில் காபி தளும்பி டோனட் பெட்டியை நனைத்தது.

ஓஹையோ முழுக்க மருந்துக் கடைகள் நடத்தும் கம்பெனிக்கு அவர் தலைவர். கணினி வழியாக நடக்கும் தகவல் திருட்டைத் தடுக்க என்ன செய்கிறீர்கள் என்று பங்குச் சந்தை ஆணையம் கேட்கிறது. ஆண்டறிக்கையில் ஏதாவது எழுத வேண்டும். அதற்காகத்தான், திருட்டு நடந்ததாக ஒரு கதையை வைத்துக்கொண்டு என்ன செய்வோம் என்று பேசிப் பார்க்கும் இந்த ஒத்திகை. வேண்டாவெறுப்பாக வந்து உட்கார்ந்தவருக்கு, கம்பெனியின் கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் ராஸ்லின் சொன்ன கற்பனைக் கதையைக் கேட்கக் கேட்க ரத்தம் கொதித்தது.

கதையில் ஒரு பல் மருத்துவமனைக் கம்பெனி. நோயாளிகளின் விவரம் மொத்தமும் களவு போய்விட்டது. ‘முக்கியமான சம்பவம்’ என்று முடிவு செய்துவிட்டால், ஆணையத்தின் விதிப்படி நாலு வேலை நாளில் ஊருக்கே அறிவித்தாக வேண்டும். பங்கு விலை சரிந்துவிடுமே! அதனால் முடிவே செய்யாமல், ‘சின்னக் கோளாறு, விசாரிக்கிறோம்’ என்று நாளைக் கடத்துகிறார்கள்.

“அந்தக் கம்பெனித் தலைவன் என்ன புடுங்கிக்கிட்டு இருந்தான்?”

“சின்னக் கோளாறுன்னுதான் அவர்கிட்ட சொன்னாங்க. நீட்டின காகிதத்துல படிக்காமலே கையெழுத்துப் போட்டுட்டார்” என்றார் ராஸ்லின்.

“படிக்காம கையெழுத்துப் போடறவனுக்குத் தலைவர் நாற்காலி ஒரு கேடா?”

கம்பெனி வக்கீல் கர்ட்டிஸ் தொண்டையைச் செருமினார். “லிண்டன், அவசரப்படாதீங்க. சட்டப்படி பார்த்தா...”

“நீ சும்மா இருய்யா! ஜனங்களோட நோய்நொடியெல்லாம் திருடன் கையில கிடக்கு. பாவம், அவங்களுக்கே தெரியாது. சட்டமாம் சட்டம்!”

“அப்ப இது முக்கியமான சம்பவம்னு முடிவு பண்றீங்களா?” என்று கேட்டார் ராஸ்லின்.

“இது முக்கியம் இல்லேன்னா வேற எதும்மா முக்கியம்? முடிவு பண்ணியாச்சு. எழுதிக்கோ!”

ராஸ்லின் எழுதிக்கொண்டார். கர்ட்டிஸின் முகம் வெளுத்துப் போயிருந்தது.

“ரொம்ப நன்றி” என்று பேனாவை மூடினார் ராஸ்லின். “வாரக்கணக்கா உங்க அறை வாசல்ல காத்துக் கிடந்தேன். கர்ட்டிஸ் உள்ளயே விடலை.”

“எதுக்கு?”

“இதைச் சொல்லத்தான். கதையில பல் மருத்துவமனை மட்டும்தான் கற்பனை. திருட்டுப் போனது நம்ம மருந்துக் கடையில, கையெழுத்துப் போட்டது நீங்க.”