படத்துக்கு ஒரு முட்டை

முட்டையை இரண்டாக வெட்டி, மஞ்சள்கரு மேலே தெரிகிற மாதிரி பேத்தியின் டிபன் டப்பாவில் வைத்தார் தாத்தா.

பக்கத்தில் கேரட் வட்டம் ஐந்து. வெள்ளரித் துண்டு நான்கு. ஒரு பிடி மாதுளை.

கேரட் திங்கட்கிழமை நறுக்கியது. இன்று வியாழன். ஓரம் வெளுத்திருந்தது. தண்ணீர் தெளித்தார். நேற்று இடப்பக்கம் இருந்ததை இன்று வலப்பக்கம் மாற்றினார்.

டப்பாவை ஜன்னலோரம் நகர்த்திப் படம் எடுத்தார். அனுப்பினார்.

மூன்றாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்கு எட்டு மணிக்குள் படம் போய்விட வேண்டும். சத்தாக, விதவிதமாக. நன்றாக இருந்தால் டீச்சர் நட்சத்திரம் போடுவாள்.

படம் போனதும் காயெல்லாம் ஃப்ரிட்ஜுக்குத் திரும்பிவிடும். டப்பாவில் எலுமிச்சைச் சோறு. தினமும் அதுதான்.

காட்டத்தானே கேட்கிறார்கள், காட்டினால் போயிற்று. முதல் வாரம் பேத்தி காயை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள். பிறகு எதற்கு வீணாக்குவது?

முட்டையை அவள் திருப்பிக் கொண்டுவரவில்லை.

அதை அவர் நினைத்துப் பார்ப்பதில்லை. பள்ளி வேன் தெரு திரும்பியதும் முட்டையை நின்றபடியே வாயில் போட்டுக்கொள்வார்.

போன் அடித்தது. மகள். ஆறரைக்கே பனியன் கம்பெனிக்குப் போய்விடுகிறவள். பிள்ளைக்கு முட்டை வைத்தாயிற்றா என்று கேட்டாள்.

"வெச்சாச்சு வெச்சாச்சு. நீ வேலையப் பாரு."

போனை வைத்துவிட்டுத் திரும்பினார்.

பேத்தி ஸ்டூல் மேல் ஏறி நின்றிருந்தாள். கேரட்டை எண்ணி ஃப்ரிட்ஜ் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளரி அதன் மேல். மாதுளையைக் கரண்டியால் அள்ளினாள், ஒன்றுகூடச் சிந்தவில்லை. டப்பாவில் சோற்றைப் போட்டு அமுக்கி மூடினாள்.

இரண்டு பாதி முட்டையையும் அவருடைய தட்டில் வைத்தாள். மஞ்சள்கரு மேலே தெரிகிற மாதிரி.

ஒரு சிட்டிகை உப்பும் தூவினாள்.

"முட்டை உங்களுக்குங்க அப்பச்சி," என்றாள். "ஸ்டாரு எனக்கு."

முகத்தில் கோபம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

வாசலில் வேன் ஹாரன். பையை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

வேன் தெரு திரும்பியது.

முட்டை தட்டில் இருந்தது. மேலே உப்பு கரைந்து ஈரமாகிக்கொண்டிருந்தது.

போன் ஒரு தடவை அதிர்ந்தது. நட்சத்திரமாகத்தான் இருக்கும்.

அவர் போனைக் கவிழ்த்து வைத்தார்.