மழைக்கு நான் பொறுப்பு

"மழை வராதுடா, அதுக்கு நான் பொறுப்பு!" என்று குழுத்தலைவர் பொன்னுதுரை அடித்துச் சொல்லியிருந்தார்.

வானம் கொட்டித் தீர்த்துவிட்டது. எல்லாரும் பூட்ஸ் மாட்டி நின்ற பிறகு, காஜா பேராங் திடலில் நடுவர் பந்தைப் போட்டுப் பார்த்தார். அது மிதந்தது. முதல் மெர்டேக்கா சுதந்திர நாளுக்காக வைத்த காற்பந்தாட்டம் தள்ளிப்போனது.

"உங்க பேச்சை நம்பித்தானே அண்ணே, புக்கிட் ரம்பாயிலேர்ந்து சைக்கிள் மிதிச்சு வந்தேன்!" என்று கோல்கீப்பர் எரிந்து விழுந்தான்.

கடுகடுவென்று வீடு திரும்பிய பொன்னுதுரைக்கு மனைவி பூங்காவனம் சோறும் சம்பலும் வைத்தாள். சுரீரென்ற காரத்தில் கோபம் கொஞ்சம் இறங்கியது.

"மிளகாயே இல்லைன்னியே, ஏது?"

"கொல்லையில யாரோ மிளகாயும் வெங்காயமும் குச்சியில குத்தி நட்டு வச்சிருந்தாங்க. வீணாப் போகுதேன்னு காலையிலயே புடுங்கிட்டேன்."

சோற்றுக் கை அந்தரத்தில் நின்றது.

"அடிப்பாவி! நட்டதே நான்தாண்டி, மழை வரக்கூடாதுன்னு!"