கவர் பிரிக்காத கார்டு

ஏதோ ஒரு ஊரிலே, ஒரு மோட்டார் சைக்கிளிலே காற்று வாங்கி எஞ்சின் சூட்டைத் தணிக்கும் ஒரு ரேடியேட்டர் இருந்ததாம். ரோட்டில் தெறிக்கும் கல்லடிக்குப் பயந்தே காலம் தள்ளிய அதற்கு முன்னால், ஒருநாள் காவலுக்கென்று புத்தம்புது கம்பிவலை கார்டு வந்து உட்கார்ந்தது.

"கவலையை விடு தம்பி. எந்தக் கல்லும் இனி என்னைத் தாண்டித்தான் வரணும்."

"அது சரிண்ணே, காத்தே வரலையே! உன் மேல இருக்கிற பிளாஸ்டிக் கவரை முதலாளி பிரிக்கலையா?"

"பிரிச்சா பளபளப்பு போயிடுமாம். அவர் வீட்டு சோபாவே இன்னும் கவரோடதான் இருக்காம்."

ரேடியேட்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேடு ஏறும்போதே வயிற்றுத் தண்ணீர் கொதித்துப் பொங்கி, புஸ்ஸென்று ஆவி கிளம்பி, வண்டி நின்றுபோனது.

முதலாளி பதறிப்போய் இறங்கிக் குனிந்தார். இப்போதாவது பிரிப்பார் என்று ரேடியேட்டர் தவித்தது. அவரோ கைக்குட்டையை எடுத்து, கவர்மேல் இருந்த தூசியைத் துடைத்தார்.

"நல்லவேளை, கார்டுக்கு ஒண்ணும் ஆகலை" என்று சொல்லிவிட்டு, மெக்கானிக்கைத் தேடி நடந்தார்.