பதினாலு மணி நேரம்

"இன்னொரு தடவை இதயம் நின்னா மறுபடியும் நெஞ்சை அமுக்கணுமா, இல்ல அப்படியே விட்டுடலாமா? கலந்து பேசிச் சொல்லுங்க" என்றார் டாக்டர்.

மலேசியாவில், கிள்ளான் நகரில் ஒரு ஆஸ்பத்திரி. உள்ளே இராமலிங்கம் நினைவில்லாமல் கிடந்தார். காலையிலிருந்து இரண்டு முறை நின்றுபோன இதயத்தை அமுக்கி அமுக்கித்தான் ஓட வைத்திருந்தார்கள். விலா எலும்புகள் உடைந்திருந்தன.

"இது என்ன கேள்வி டாக்டர்? அமுக்குங்க!" பக்கத்து ஊரான காப்பாரிலிருந்து ஓடி வந்திருந்த அவர் மைத்துனர் வேலாயுதம் படபடத்தார். "ஒரே பையன் லண்டன்லேர்ந்து கிளம்பிட்டான். பத்தாயிரம் கிலோமீட்டர்னாலும் ஃப்ளைட்ல பதினாலு மணி நேரம்தான் லா. அதுவரைக்கும் மூச்சு இருந்தா போதும்."

இராமலிங்கத்தின் மனைவி சீதாலெட்சுமி மகளின் கையைப் பிடித்தார். "தாமரை, அண்ணன் எங்க வரான்னு கேட்டியா?"

"ஏர்போர்ட்டுக்குப் போய்க்கிட்டிருக்கான்மா."

"இவரு ரொம்பக் கஷ்டப்படுறாரும்மா. இனிமே பிழைக்க மாட்டாரு" என்றார் டாக்டர் மெதுவாக.

தாமரை நிமிர்ந்தாள்.

"வேணாம் டாக்டர். இனிமே அமுக்க வேணாம். அப்பா நிம்மதியா போகட்டும்."

"ஏய்!" வேலாயுதம் கத்தியதில் நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். "கூடவே இருந்து பாத்துக்கிட்டோம்னு திமிரா? பெத்த பிள்ளை அப்பன் முகத்தை உயிரோட பாக்கக் கூடாதா? நீ எல்லாம் ஒரு பொண்ணா?"

"ஒரு நாள்டி" என்று அழுதார் அம்மா. "ஒரே ஒரு நாள் பொறுத்துக்க மாட்டியா?"

அப்பாவை இங்கே சேர்த்துக் கையெழுத்துப் போட்டவள் தாமரைதான். டாக்டர் அவள் சொன்னதையே எடுத்துக்கொண்டார்.

சிறிது நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

அணைக்க வந்த மகளை சீதாலெட்சுமி தள்ளிவிட்டார். "தொடாதே! இனிமே என் மூஞ்சியில முழிக்காதே. எம்பிள்ளை கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்? அவங்கிட்ட நீயே சொல்லிக்க, போ!"

தாமரை ஆஸ்பத்திரிக்கு வெளியே, கார்கள் நிற்கும் இடத்துக்கு வந்து அண்ணனைக் கூப்பிட்டாள்.

"அப்பா போயிட்டாருண்ணா."

மறுமுனையில் பிரவினின் பெருமூச்சு கேட்டது.

"காலையிலேயே சொன்னேன்லா, என்னால வர முடியாது, நினைவில்லாதவரை அவ்வளவு தூரம் வந்து பாத்து என்ன பண்ணப் போறேன்னு. நான் வரலன்னு அம்மா ரொம்ப அழுதாங்களா?"

"அதை அம்மாகிட்ட சொல்லவே இல்லண்ணா. அம்மாவுக்குத் தெரிஞ்ச வரை நீ ஏர்போர்ட்டுக்குப் போயிட்ட. அப்பா போனதும் நான்தான் வர வேணாம்னு உன்னைத் திருப்பி அனுப்பிட்டேன். அம்மா கூப்பிட்டா நீயும் அப்படியே சொல்லு... கொஞ்சம் அழுதுக்கிட்டே சொல்லுண்ணா."